ஏழாயிரம் அடியில் ஒரு நாற்காலி

“தலையாட்டினா மட்டும் போதாதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன்டா எழுந்து போன?” என்றான் சன்னாசி.

“அவசரம் லா. மனுசன் ஒண்ணுக்குப் போகக் கூடாதா?”

“ரெண்டு நிமிசம் அடக்கியிருந்தா நாளைக்கு விசாரணையே இல்ல.”

உடையப்பன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. சிரம்பான் நகரத்திலிருந்து டாட்சன் காரை ஓட்டிக்கொண்டு, கோலா சாவா தாண்டி இந்த ரப்பர் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குலுங்கி வந்திருந்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டு வாசல் பெஞ்சில் சன்னாசி அவனுக்கு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தான். வானத்தில் வெளிச்சம் மீதியிருந்தது. ரப்பர் மரங்களுக்குள் மட்டும் முன்னதாகவே இருட்டிவிட்டிருந்தது, யாரோ அங்கே ஒரு கதவைச் சாத்தியது போல.

இருவருக்கும் விமான நிலையத்து ராடார் அறையில் வேலை. வட்டமான கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள் நகரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விமானம். ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள் நெருங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நாற்காலியில் இருப்பவன் பொறுப்பு. ஆள் மாறும்போது, வருகிறவன் பக்கத்தில் நின்று நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு, ‘வாங்கிக்கொண்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இருக்கிறவன் எழலாம்.

போன வியாழக்கிழமை சன்னாசி வாயைத் திறக்கவில்லை. தலையை அசைத்தான். எத்தனையோ நாள் அவர்களுக்குள் அது போதுமாயிருந்தது. எழுவதற்குச் சற்று முன்னால் உடையப்பன் ஒரு விமானத்தை ஏழாயிரம் அடிக்கு இறங்கச் சொல்லியிருந்தான். அதை அந்த விமானத்தின் விவரம் குறிக்கும் காகிதச் சீட்டில் எழுதவில்லை, சன்னாசியிடம் சொல்லவும் இல்லை. உட்கார்ந்த சன்னாசி, தெற்கே புறப்பட்ட இன்னொன்றை அதே ஏழாயிரத்துக்கு ஏறச் சொன்னான். பெடாஸ் ஊருக்கு மேலே மேகத்திலிருந்து இரண்டும் எதிரெதிரே வெளிப்பட்டன. சன்னாசி கத்தியதில் ஒன்று வலப்பக்கம் திரும்பியது. மற்றதின் வாலில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்ததாக விமானி பிறகு சொன்னார்.

“ரேடியோல பேசினதுதான் டேப்புல இருக்கு,” என்றான் உடையப்பன். “ரூமுக்குள்ள நாம பேசினது இல்ல. நீ வாங்கிக்கிட்டேன்னு சொன்னியா இல்லையான்னு நம்ம ரெண்டு பேரைத்தான் கேப்பாங்க.”

“சொல்லலை.”

“சொன்னேன்னு சொல்லு.”

சன்னாசி இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான்.

“சீட்டுல எழுதாததுக்கு என்னைத் திட்டுவாங்க, விட்டுடுவாங்க. ஆனா நாற்காலிய அப்படியே போட்டுட்டு எழுந்து போனேன்னு வந்தா லைசென்ஸ் போச்சு. நீ சின்னப் பையன், திரும்ப ட்ரெயினிங் போடுவாங்க, அவ்வளவுதான்.”

“நான் இன்னும் பெர்மனண்ட் ஆகலை, உடையப்பா. ட்ரெயினிங் எங்க போடுறது? வாசலோட அனுப்பிடுவாங்க. உனக்கென்ன, அப்பா கடை இருக்கு.”

“அந்தக் கடைய பத்திப் பேசாத.” உடையப்பனின் குரல் இறங்கியது. “உள்ள எனக்குன்னு ஒரு மேசை போட்டு வச்சிருக்காரு. பதினொரு வருசமா தினம் துடைச்சு வைக்கிறாரு. நான் தோத்துட்டு வருவேன்னு.”

மரங்களுக்கு மேலே இரைச்சல் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். ஒரு விமானம் வடக்கே இறங்கிப் போனது. அது மறைந்த பிறகும் இருவரும் தலையைத் தாழ்த்தவில்லை. அடுத்தது வர வேண்டும், தள்ளி வர வேண்டும். வந்தது. தொலைவில், உயரத்தில், சின்ன விளக்காக. உடையப்பன் மூச்சை விட்டான். சன்னாசியின் கை பெஞ்சுப் பலகையைப் பிடித்தபடியே இருந்தது.

“டேய், இப்ப போனது நீ விட்டதா?” உள்ளேயிருந்து சன்னாசியின் அம்மா மங்கம்மா கேட்டாள்.

“லீவுல இருக்கேன்மா. நான் எப்படி விடுறது?”

“ஆமா லா, மறந்துட்டேன்.”

உடையப்பன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். “அம்மாவுக்குத் தெரியாதா?”

“காலையில பால்வெட்டுக்குப் போறப்ப லயம் பூரா சொல்லிட்டுப் போவுது, எம் மகன் கண்ணு வச்சாத்தான் பிளேன் இறங்கும்னு. வேலை வாங்குற மண்டோர் வீரமுத்து எல்லாரையும் ஏசுவாரு, அம்மாவ மட்டும் ஏச மாட்டாரு. நான் என்னன்னு சொல்ல?”

“நான் வேற யாருகிட்ட போய்க் கேப்பேன், சன்னாசி?”

சன்னாசி எதிரே இருந்த மரங்களைப் பார்த்தான். அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருந்தான். முதலில் தான் தலையாட்டினானா, முதலில் இவன் எழுந்தானா? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. பச்சைப் புள்ளிகள் மட்டும் மாறாமல் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன.

மங்கம்மா இரண்டு குவளை கோப்பியோடு வந்தாள். ரப்பர்ப் பால் வாடை போகாத கையால் ஒன்றை உடையப்பனிடம் நீட்டினாள்.

“குடிங்க தம்பி. இவனுக்கு என்ன ஆச்சு? வந்ததிலேருந்து வாயே திறக்கலை. உங்ககிட்டயாவது சொன்னானா?”

உடையப்பன் குவளையை வாங்கினான். குடிக்கவில்லை.

“நீ கேட்ட மாதிரியே நாளைக்குச் சொல்றேன், உடையப்பா,” என்றான் சன்னாசி. “அங்க, பெரியவங்க முன்னாடி. ஆனா முதல்ல இவங்ககிட்ட நீ சொல்லு. வியாழக்கிழமை அந்த ரெண்டு பிளேனும் உங்க மகன் கையில இருந்திச்சு, தப்பு உங்க மகனோடதுன்னு, அம்மா முகத்தைப் பாத்துச் சொல்லு.”