தண்ணீருக்குள் ஒரு ‘என்ன?’

என் அப்பா சாமிக்கண்ணுவுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்றால், சாப்பிடுவதற்கும் திட்டுவதற்கும்தான். மற்ற எல்லாவற்றுக்கும் கை. செலண்டார் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குப் பக்கத்திலேயே நின்று காலம் தள்ளியவர். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் எல்லாம் சைகைதான். வேலையை விட்ட பிறகும் வீட்டில் அதே கதை. அதிலும் ‘என்ன?’ என்று கேட்பதற்கு விரல்களை விரித்து மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்புவார் பாருங்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கைதான் என் கல்யாணத்தையும் கெடுக்கப் பார்த்தது.

ஹரிதாஸுக்குப் பக்கத்து ஊர், பாயா ரும்புட். ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். பெம்பான் ஊரைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரி, மழைத்தண்ணீர் நிரம்பி ஏரியாகிக் கிடக்கிறது. வார இறுதியில் அங்கேதான் வகுப்பு. நானும் கற்றுக்கொள்ளப் போனவள்தான். மூழ்கப் போன இடத்தில் மொத்தமாகவே மூழ்கிவிட்டேன். அவர் பெண் கேட்டு வந்தபோது அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“தண்ணிக்குள்ள போயி சம்பாதிக்கிறவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது? நான் ஒரு தடவ எறங்கிப் பாக்கணும். பாத்துட்டுத்தான் பதில்” என்றார்.

டாக்டரிடம் காட்டி, நீச்சல் குளத்தில் பழக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தோம். அம்மா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள். ஹரி பொறுமையாக மறுபடியும் பாடம் நடத்தினார்.

“அங்கிள், கீழ பேச முடியாது. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமா சேத்தா ஓகே. கைய விரிச்சு இப்படி ஆட்டினா ஏதோ பிரச்சினைன்னு அர்த்தம். அதப் பாத்தா நான் ஒடனே மேல கொண்டாந்துருவேன்.”

அப்பா எல்லாம் தெரிந்தவர் போல் தலையை ஆட்டினார்.

மூவரும் இறங்கினோம். அதிக ஆழமில்லை, வெளிச்சம் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் எந்தப் புண்ணியவானோ தூக்கிப்போட்ட ஒரு வாஷிங் மெஷின் கிடந்தது. அதற்குள் திலாப்பியா மீன்கள் குடும்பத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அப்பா அதைப் பார்த்தார். விரலை விரித்தார். மணிக்கட்டைத் திருப்பினார்.

எனக்கு உடனே புரிந்தது. ‘என்ன இது?’ என்கிறார். ஹரி அடுத்த நொடியே அப்பாவின் மிதவை ஜாக்கெட்டைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுபோனார்.

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றாள் அம்மா கரையிலிருந்து.

“எதுக்குய்யா மேல கொண்டாந்த?” அப்பா காற்றுக் குழாயை வாயிலிருந்து பிடுங்கினார்.

“நீங்கதானே அங்கிள், பிரச்சினைன்னு காட்டினீங்க?”

“நான் என்னான்னு கேட்டேன்லா!”

இரண்டாவது முறையும் அதே வாஷிங் மெஷின், அதே கை. மறுபடியும் மேலே. அம்மா ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றிருந்தது.

“ஹரி, அது ‘என்ன’ங்க! எல்லாத் தமிழனும் அப்படித்தான் கேப்பான். நீங்களும் தமிழன்தானே?”

“மேலதான் தமிழன். தண்ணிக்குள்ள எனக்கு ஒரே பாஷைதான்” என்றார் அவர்.

அப்பாவின் முகம் கொதிகலன் போல் சிவந்தது. “இத பாரு தம்பி. பொண்ணு குடுக்கறவன் நான். நான் கைய ஆட்டினா என்னான்னு கேக்கறேன்னு எடுத்துக்க. மேல கொண்டாராத.”

ஹரி நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். “கோவிச்சுக்காதீங்க அங்கிள். நீங்க கேக்கறீங்களா, மூச்சு முட்டுதான்னு கீழ எனக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்படி ஆட்டினா நான் கொண்டாந்துருவேன். பொண்ணு இல்லன்னு சொன்னாலும் கொண்டாந்துருவேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட மனுஷா, கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? முதலில் தாலி ஏறட்டும், அப்புறம் சட்டம் பேசலாம் என்று கத்தத் தோன்றியது. கத்தியும்விட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கடைசித் தடவ” என்றார் அப்பா.

இந்த முறை அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இறங்கினார். மீன்கள் அவர் முகத்துக்கு நேரே வந்து வேடிக்கை பார்த்தன. ஹரி வட்டம் காட்டினார். அப்பாவும் அழகாக வட்டம் காட்டினார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வந்த உயிர் நிலைக்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு ஹரிக்கு நேரே கையை நீட்டி, விரல்களை விரித்து, நிதானமாகத் திருப்பினார். வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விட்டுவிடுங்கள், சும்மாதான் கேட்கிறார் என்று மனதுக்குள் ஹரியைக் கெஞ்சினேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஜாக்கெட்டைப் பிடித்தார், மேலே கிளம்பினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நானும் பின்னாலேயே போனேன்.

“அங்கிள், என்ன செய்யுது? மூச்சு முட்டுதா?” ஹரி ஜாக்கெட்டை விடாமல் கேட்டார்.

“ஒன்னும் செய்யல. சும்மாத்தான் ஆட்டினேன்.”

“ஏன் அங்கிள்?”

“நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான்.” அப்பா மாஸ்க்கைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது, தண்ணீரால் மட்டும் இல்லை. “எனக்குப் பயந்துகிட்டு, கிழவன் சும்மா கேக்கறான்னு நீ கம்முன்னு இருந்திருந்தா, நாளைக்கு எம்பொண்ணு முடியலன்னு கைய ஆட்டும்போதும் அப்படித்தான் இருப்ப. நீ இருக்க மாட்ட. அது போதும் எனக்கு.”

அப்போதுதான் ஹரி அப்பாவின் ஜாக்கெட்டை விட்டார்.

“அப்புறம், என்னய்யா எப்பப் பாத்தாலும் அங்கிள் அங்கிள்ங்கற? மாமான்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?”

ஹரி “மாமா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன அலை உள்ளே போனது. எத்தனையோ பேரைத் தண்ணீருக்குள் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கொண்டுவந்த மனிதர், அரை வாய்த் தண்ணீரில் புரையேறி இருமி இருமிக் கண் பிதுங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பா நீந்திப் பக்கத்தில் போய் அவர் உச்சந்தலையில் தட்டினார்.

“மெதுவா மாப்பிள்ள, மெதுவா. யாரோ நெனைக்கிறாங்க போல.”

“வேற யாருப்பா? நான்தான்” என்றேன்.