உப்புச் செடிக்கு நல்ல தண்ணீர்

என் கோபத்தைப் பற்றிப் படப்பையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் பங்குனியில் மூன்று பேர் என்னிடம் ஒரே நாளில் மாட்டிக்கொண்டு முழித்த கதை இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்றுப் பண்ணை. கனகாம்பரம், மல்லி, எலுமிச்சை என்று கேட்டதைக் கொடுப்பேன். முந்தின கார்த்திகையில் தாம்பரத்துக் கல்லூரியிலிருந்து பெனிட்டா டீச்சர் ஒரு கோணிப்பை நிறைய விதையோடு வந்து இறங்கினார். அலையாத்தி விதை. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற கழிமுகத்துச் சேற்றில் வளரும் மரமாம். அது நின்றால்தான் கரை நிற்கும், இறாலும் மீனும் அதன் வேருக்குள் குஞ்சாக இருந்து பெருகும் என்றார். முட்டுக்காட்டுப் பக்கம் இருந்ததையெல்லாம் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்களாம்.

"ரெண்டு வருஷம் கன்னு வச்சோம் கங்கா. ரெண்டு தடவையும் போச்சு. நல்ல தண்ணி குடிச்சு வளர்ந்த கன்னு, உப்பைப் பார்த்ததும் கருகிடுச்சு. மூணாவது தடவையும் செத்துதுன்னா அந்தக் கரையை இறால் குட்டை வெட்டக் குடுத்துடுவோம்னு கலெக்டர் ஆபீசுல சொல்லிட்டாங்க."

"நான் உப்புக்குப் பழக்கித் தரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான், ஐந்நூறு கன்று.

விதைகளை மண் நிரப்பின பிளாஸ்டிக் பைகளில் ஊன்றி முளைக்க விட்டேன். தை பிறந்ததும் கேளம்பாக்கத்து உப்பளத்திலிருந்து இரண்டு மூட்டை கல்லுப்பு வாங்கிப் போட்டேன். அளவுக்கு என் நாக்குதான். முதல் பதினைந்து நாள் கஞ்சிக்குப் போடுகிற உப்பு. அப்புறம் ரசத்து உப்பு. மாசியில் கருவாடு ஊறிய தண்ணீர் மாதிரி ஆக்கினேன். தினமும் காலையில் தொட்டியில் கரைத்து, வாயில் வைத்துப் பார்த்து, பைக்குப் பை ஊற்றுவேன்.

ஊர் வேடிக்கை பார்த்தது. என் மாமனார் அப்பாவு நாற்பது வருஷம் நெல் வைத்தவர். என்னிடம் நேராகச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. அதனால் கட்டியிருந்த மாட்டிடம் சொன்னார்: "பச்சப் புள்ளைக்கு உப்புத் தண்ணி குடுக்கறா பாரு. இவ இன்னா பொம்பளடா சாமி." பக்கத்து வீட்டு ஞானம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அந்தச் செடிங்க உனக்கு இன்னாடி பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் ரத்தினம் ஒரகடம் ரோட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் போல்ட் கடையும் வேலையில் இருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் ஒருநாள் பை மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். இருக்க வேண்டிய உப்பில் பாதிகூட இல்லை. மறுநாள் கூடப் போட்டேன். அப்போதும் குறைந்தது. உப்பில்தான் ஏதோ கலப்படம் என்று கேளம்பாக்கத்துக்கே பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அந்த உப்புக்காரன் ஒரு பிடி அள்ளித் தன் வாயிலேயே போட்டுக் காட்டிவிட்டுத் தண்ணீருக்கு ஓடினான்.

உப்பில் குற்றமில்லை என்றால், யாரோ என் பண்ணையில் கை வைக்கிறார்கள். நடவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "வாலாஜாபாத் போய்ட்டு வரேன்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் மாமா. கையில் என் பூவாளி! கிணற்றுத் தண்ணீரை வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டே, "குடி, குடி, அவ வர்றதுக்குள்ள குடி" என்றார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஞானம்மா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு குடத்தோடு வந்தாள். அவளும் ஒரு சுற்று ஊற்றினாள். மத்தியானம் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். சாப்பாட்டுப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. நேரே போய் வாளியை எடுத்தார். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று பேரும் தான் மட்டும்தான் புண்ணியம் தேடுவதாக நினைத்திருந்தார்கள்.

நான் எழுந்து வந்தேன். தலை முழுக்க வைக்கோல்.

"யோவ்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாளி அவர் காலிலேயே விழுந்தது. மாமாவும் ஞானம்மாவும் ஓடி வந்தார்கள். மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தேன்.

"எத்தினி நாளா நடக்குது?"

"தையிலர்ந்து. நீ கன்னு விக்கப் போற நேரமாப் பாத்து" என்றார் என் வீட்டுக்காரர். "நானும்" என்றாள் ஞானம்மா. பிறகுதான் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாமா மட்டும் தலை நிமிர்ந்தார். "தாகத்துக்கு உப்புத் தண்ணி குடுத்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்? நான் பயிர் வச்சவன்மா. கண்ணால பாத்துக்கினு சும்மா இருக்க முடியல."

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஐந்நூறும் நல்ல தண்ணீரில் வளர்ந்த செல்லங்கள். சேற்றில் வைத்த வாரமே கருகிப்போகும். கரையை வெட்டிக் குட்டையாக்கிவிடுவார்கள். என்னை நம்பின அந்த டீச்சர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

மறுநாள் என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு, அவரே தாம்பரம் போய் நடந்ததைச் சொல்லி டீச்சரை அழைத்து வந்தார். டீச்சர் ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்தார். மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து ஒரு இலையை நக்கினார். மாமா என்னைப் பார்த்தார். இந்த டீச்சரும் உன்னை மாதிரிதான் என்கிற பார்வை.

"நக்கிப் பாருங்க கங்கா."

பார்த்தேன். இலை உப்புக் கரித்தது.

"குடிச்ச உப்பை இலை வழியா வெளியே தள்ளுது. பழகியிருக்கு" என்றார் டீச்சர். "காலேஜ்ல நாங்க அம்பது கன்னுக்கு உப்புத் தண்ணி மட்டும்தான் ஊத்தினோம். வெயில்ல தண்ணி காஞ்சு, உப்பு மட்டும் பைக்குள்ள தங்கித் தங்கி வேர் வெந்துபோச்சு. ஒண்ணுகூட மிஞ்சல. இங்க உப்பு தங்கவே இல்ல. தினமும் கழுவி விட்டிருக்காங்க."

"அப்ப பொழைச்சுக்குமா டீச்சர்?"

"தெரியல. வச்சாத்தான் தெரியும்."

சொன்ன நாளில் லாரியில் ஏற்றிக்கொண்டு வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காட்டுக்குப் போனோம். மூன்று குற்றவாளிகளும் கூப்பிடாமலே ஏறிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்திருந்த நேரம், முழங்கால் வரை சேறு. ஞானம்மா நடுவில் மாட்டிக்கொண்டு கத்த, அவளை இழுக்கப் போன என் வீட்டுக்காரர் குப்புற விழுந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மாமா நடவு நட்ட வேகத்தைப் பார்த்து டீச்சரின் மாணவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். சாயங்காலம் கடல் தண்ணீர் ஏறி ஒவ்வொரு கன்றாக முழுகியபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் எண்ணிப் பார்க்கப் போனோம். ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி காகிதமும் பேனாவுமாக முன்னாலேயே வந்து கரையில் நின்றிருந்தார்.

மேட்டில் ஏறினதும் கண்ணில் பட்டது பச்சை. வரிசை வரிசையாகப் பச்சை. புதுத் துளிர் விட்டிருந்தது. அடியில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடின. டீச்சர் செருப்போடு சேற்றில் இறங்கிவிட்டார். இரண்டு தரம் எண்ணினோம். நானூற்று முப்பத்தேழு உயிரோடு நின்றன. டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமலே ஞானம்மாவும் அழுதாள்.

"கரையை அப்படியே விட்டுடலாம்னு எழுதிடறேன்" என்றார் அதிகாரி. "கன்னு வளர்த்தது யாரும்மா?"

நான்கு மாதமாக என் செடி, என் செடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வார்த்தை வரவில்லை.

"அப்பாவு, ரத்தினம், ஞானம்மா" என்றேன். "கடைசியா கங்கா."

"நீங்க நாற்றுப் பண்ணை வச்சிருக்கீங்க, சரி. இவங்க மூணு பேரும் என்ன பண்ணாங்க?"

திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் சேற்றோடு, அடி வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"என்னை ஏமாத்தினாங்க சார்" என்றேன். "தினமும், ஒரு நாள் விடாம."