எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை

ஆம்ப்ரோஸ் வின்ஸ்லேட் துரைக்கு ஒரு பழக்கம். கடிதம் எழுதி முடித்தால் மடித்து அரக்கு வைத்தோமா, வேலையைப் பார்த்தோமா என்று இருக்க மாட்டார். சாப்பாட்டு மேஜையில் விருந்தாளி எவனாவது அகப்பட்டால் போதும், ஆதியோடந்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் விடுவார். பாவம், அந்த மனுஷன் தட்டில் கறி ஆறிப்போய்க் கிடக்கும். ஆனாலும் யார் வாய் திறப்பார்கள்? வர்ஜீனியா மலையடிவாரத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதுப் பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் தலைவர். அந்தப் பல்கலைக்கழகமே செங்கல்லால் பாதி, அவர் கடிதங்களால் பாதி என்று ஊரில் பேச்சு.

அன்றைக்கும் அப்படித்தான் படித்தார். நூலகத்து முன்தூண்களின் தலைப்பகுதியை இத்தாலிச் சலவைக்கல்லில் செய்வதா, உள்ளூர்க் கல்லில் செய்வதா? கிரேக்கம் கற்பிக்க இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தால் நம் குடியரசுக்கு அது கௌரவமா, இழுக்கா? மத போதனைக்கென்று தனியே ஒரு பேராசிரியர் தேவையா? நாலு பக்கம் ஓடியது. கடைசியில் இரண்டே வரி. சலவைக்கல்லுக்குப் பணம் பற்றவில்லை. ஆகவே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கெசியா என்னும் சமையல்காரியை, வரும் திங்களன்று கோர்ட் கூடும்போது ஊருக்கு வருகிற வியாபாரியிடம் விற்றுவிட உத்தேசம்.

"பிரமாதம்!" என்றார் விருந்தாளி.

அவருக்குப் பின்னால் குழம்புக் கிண்ணத்தோடு நின்றிருந்தவள்தான் கெசியா. கிண்ணத்தை அவள் கீழே போடவில்லை. போட்டிருந்தால் அதற்கும் சேர்த்து அடி விழுந்திருக்கும்.

சமையல்கட்டுக்கு வந்தவுடன் புருஷனைத் தேடினாள். ஜூபால் லாயத்தில் வேலை. பல்கலைக்கழகத்துக் கடிதங்களைக் குதிரையில் கொண்டுபோய்க் கொடுப்பவனும் அவனே. அவனும் அதே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம்.

"நாளைக்கு அந்தக் கடுதாசிய யாரு கொண்டு போறது?"

"வேற எவன் போவான்? நான்தான். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"என்னை விக்கிறதுக்கு எழுதியிருக்கான். நீயே சுமந்துட்டுப் போய்க் குடுத்துட்டு வா. நல்லா இருக்கும்."

ஜூபால் சிரிக்கத்தான் பார்த்தான். கெசியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், வம்பிழுக்கிறாள் என்று நினைத்தான். மேஜையில் கேட்ட கடைசி இரண்டு வரியை அவள் அப்படியே சொன்னதும் சிரிப்பு நின்றுபோனது.

நிர்வாகக் குழுவில் தலைவரைத் தவிர மூன்று பேர். மூன்று பேரும் மூன்று திசையில், தங்கள் தங்கள் பண்ணையில். கூட்டம் வசந்தத்தில் ஒருமுறைதான். நடுவில் எது வந்தாலும் ஒரே தாள்தான் வீடு வீடாகப் போகும். மூத்தவர் முதலில் படித்து அடியில் தம் கருத்தை எழுதி அரக்கு வைப்பார், அப்புறம் அடுத்தவர், அப்புறம் இளையவர். வேண்டாம் என்று ஒரே ஒருவர் எழுதினாலும் அந்த விஷயம் வசந்தக் கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஒன்றும் எழுதாவிட்டால் சம்மதம். கனவான்கள் இல்லையா, வாயைத் திறக்காமலே சம்மதிக்கத் தெரிந்தவர்கள். இந்த முறையெல்லாம் ஜூபாலுக்கு அத்துப்படி. இத்தனை காலமாகச் சுமக்கிறானே.

"ஒருத்தர் போதும், கெசியா. மூணு பேர்ல ஒருத்தர் ஒரு வரி எழுதினாப் போதும். அந்த வியாபாரி திங்கக்கிழமை வந்துட்டுத் தெக்கே போயிடுவான். அப்புறம் வசந்தத்துல பாத்துக்கலாம்."

"எழுதுவாங்களா?"

"எழுத வைக்கிறேன்."

எப்படி எழுத வைப்பான்? அவனுக்கே தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னான். புருஷன் என்றால் வேறு என்ன சொல்வது?

மூத்தவர் நீதிபதி கிராடக். கீல்வாதக் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மனைவிக்குக் காது கேட்கும்படி உரக்கப் படித்தார். கிரேக்கப் பேராசிரியர் வந்த இடத்தில் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பேனாவை எடுத்தவர் நிமிரவே இல்லை. எழுதி முடித்து மை காய மணல் தூவி ஊதியபோது, வாசல்படியில் நின்ற ஜூபால் ஓர் அடி முன்னே வந்தான்.

"ஐயா, கடைசி ரெண்டு வரிக்கும் ஏதாச்சும்..."

நீதிபதி தலையைத் தூக்கினார். "கடைசில ரெண்டு வரி இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்? படிக்கத் தெரியுமா உனக்கு?"

அடிமைக்கு எழுத்து ஆகாது; ஆமாம் என்று சொன்னால் முதுகுத் தோல் போய்விடும்.

"ஐயோ இல்லீங்கய்யா! எங்க துரைதான் ஞாபகப்படுத்தச் சொன்னாரு."

"அது வீட்டு விஷயம். அதையெல்லாம் வின்ஸ்லேட் பாத்துக்குவான். அதுக்கு ஒரு கருத்து வேற எழுதணுமா நான்?"

அவ்வளவுதான். அரக்கு வைத்தாகிவிட்டது.

இரண்டாவது கர்னல் ஸ்டுக்லி. அவருக்குப் பாதிரியார்களைக் கண்டால் ஆகாது. மதப் பேராசிரியர் என்ற சொல்லைப் பார்த்ததும் வீடே அதிர்ந்தது. நீதிபதி விட்டுவைத்திருந்த இடத்தையெல்லாம் நிரப்பி, ஓரத்திலும் நெருக்கி எழுதினார். அவர் கண் கடைசி வரிக்கு வந்தபோது ஜூபால் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கெசியாவா? அந்த ஆப்பிள் பணியாரம் சுடுவாளே, அவளா? அடடா." கர்னல் உண்மையிலேயே வருத்தப்பட்டார், நாக்கைச் சப்புக்கொட்டினார். "போவுது. வேற ஒருத்தி கிடைக்காமலா போயிடுவா?"

மூன்றாவது லூயிஸ் ஹேவர்ஷாம் துரை. வயதில் இளையவர், நல்லவர். இவரை நல்லவர் என்று நான் கேலியாகச் சொல்லவில்லை. தன் பண்ணையில் ஒருவரையும் அடிக்க விடமாட்டார், அடிமை முறை நாட்டுக்கே பாவம் என்று விருந்துகளில் வெளிப்படையாகப் பேசுவார். ஜூபாலின் நம்பிக்கை முழுதும் அவர்மேல்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தான். நேரே காலில் விழுந்துவிட்டான்.

"ஐயா, அவ என் பொண்டாட்டி. நீங்க ஒரு வரி எழுதினாப் போதும்."

"எழுந்திரு, எழுந்திரு. என்னப்பா இது?" ஹேவர்ஷாம் தாளைப் படித்தார். முகம் சிவந்தது. "ச்சே! தூணுக்காக ஒரு பொம்பளைய விக்கிறதா? இதுக்கு நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன். உன் பொண்டாட்டிகிட்ட பயப்படாம இருக்கச் சொல்லு."

ஜூபாலுக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். ஹேவர்ஷாம் பேனாவை எடுத்தார், தூண்களைப் பற்றி அழகாகப் பத்து வரி எழுதினார், மடித்தார்.

"ஐயா... அந்த விஷயம்?"

"அதை இந்தத் தாள்ல எழுத முடியாதுப்பா. தலைவரோட விருப்பம் இது. மூத்தவங்க ரெண்டு பேரும் பேசாம விட்டிருக்காங்க. எல்லாரையும் விட இளையவன் நான், எல்லாரும் படிக்கிற தாள்ல எதிர்த்து எழுதினா அவருக்கு அவமானம் இல்லையா? தனியா ஒரு கடிதம் எழுதறேன். மனசு விட்டு எழுதறேன். அவர் கேப்பார்."

"அப்ப அதைக் குடுங்கய்யா. நானே கொண்டு போறேன். நாளைக்கு அவர் கையில இருக்கும்."

ஹேவர்ஷாமின் முகத்தில் வலி தெரிந்தது. "நீ அவ புருஷன். சம்பந்தப்பட்டவன் கையிலயே குடுத்து அனுப்பினா, நீ அழுது எழுதி வாங்கினேன்னுதானே அவர் நினைப்பார்? கடிதத்துக்கு இருக்கிற மரியாதையே போயிடும். தபால்ல போகட்டும்."

"தபால் ரிச்மண்ட் சுத்தி வரும், ஐயா! திங்கக்கிழமைக்குள்ள வராது!"

"வந்துடும்ப்பா. நீ கவலைப்படாதே. உள்ள போய்ச் சாப்பிடு, சோளரொட்டி சூடா இருக்கு."

ஜூபால் மறுபடி கெஞ்சினான். ஒரே ஒரு வரி என்றான். ஒரே ஒரு சொல் என்றான். ஹேவர்ஷாம் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு சொல் வரவில்லை. என்ன செய்ய, மரியாதை தெரிந்த மனுஷன்.

திரும்பும் வழியில் ஆற்றில் மழைத்தண்ணீர் புரண்டு ஓடியது. துறையில் குதிரையை நிறுத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். தாள் போய்ச் சேர்ந்தால் சம்மதம் போய்ச் சேரும். சேராவிட்டால்? மறுபடி எழுதி, மறுபடி மூன்று வீடு சுற்ற வேண்டும். அதற்குள் வியாபாரி போய்விடுவான், ஹேவர்ஷாமின் கடிதமும் வந்துவிடும். முதுகில் விழுகிறது விழட்டும். கெசியாவைவிடவா முதுகு பெரிது? பையைத் திறந்து தாளை எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். மை கரைந்து கை முழுதும் கறுத்தது. கூழாகிற வரைக்கும் பிசைந்தான். பிறகு குதிரையோடு தானும் ஆற்றில் இறங்கி, தலையோடு கால் நனைந்து கரையேறினான்.

சனிக்கிழமை சாயங்காலம் வின்ஸ்லேட் துரை அந்தக் கூழைக் கையில் வாங்கியபோது அழுதுவிடுவார்போல் இருந்தார்.

"கிராடக்கோட கருத்து! ஸ்டுக்லியோட கருத்து! எல்லாம் போச்சா? அடப் பாவி, எவ்வளவு பெரிய நஷ்டம்னு உனக்குத் தெரியுமாடா?"

"மன்னிச்சிடுங்கய்யா. ஆறு இழுத்துடுச்சு. மறுபடி எழுதிக் குடுங்க, நாளைக்கே கிளம்பறேன்."

"எழுதத்தான் வேணும். தூண் விஷயம், கிரேக்க விஷயம், எல்லாத்தையும் நிறுத்தி வைக்கணும்." பெருமூச்சு விட்டார். "அந்தச் சமையல்காரி விஷயம் மட்டும் நிக்காது, வியாபாரிகிட்ட சொல்லியாச்சு. சனிக்கிழமைக்குள்ள எதிர்ப்பு வந்தா நிறுத்தறதா இருந்தேன். எதிர்ப்பு ஒண்ணும் வரலியே."

ஜூபாலுக்குக் காது அடைத்தது. "வந்துச்சுங்க ஐயா! ஹேவர்ஷாம் துரை வேண்டாம்னு சொன்னாரு. அவர் வாயாலயே சொன்னாரு. தபால்ல எழுதியிருக்காரு, ரெண்டு நாள் பொறுங்க!"

"உன்கிட்ட சொன்னாரா?" வின்ஸ்லேட் கோபப்படவில்லை. கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு கனவான் தன் வாக்கைக் குதிரைக்காரன்கிட்ட சொல்லி அனுப்ப மாட்டாருடா."

தாளை நனைத்ததற்கு, அடிமைகளை வேலை வாங்கும் மேஸ்திரி தோல்பட்டையால் விளாசினான். ஜூபாலுக்கு அது உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை கோர்ட்டு மைதானத்தில் சந்தைக் கூட்டம். வியாபாரி கெசியாவின் பல்லைப் பார்த்தான், கையைத் திருப்பிப் பார்த்தான், இன்னொருத்தியின் மணிக்கட்டோடு சேர்த்து விலங்கு பூட்டினான். ஜூபாலைப் பக்கத்தில் வர விட்டார்கள். அந்த மட்டுக்கும் பெரிய மனசு.

"நனைச்சுட்டியாமே," என்றாள் கெசியா.

"ஒண்ணும் ஆவல. என்னால ஒண்ணும் ஆவல, கெசியா."

"அழாதே. அழுதா எனக்கும் வரும், இவனுங்க முன்னாடி நான் அழமாட்டேன்." அவன் சட்டையில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். "பைத்தியக்காரா. எனக்காக ஆத்துல எல்லாம் குதிச்சிருக்கே." பிறகு வியாபாரி பக்கம் திரும்பி, அவன் பிறந்த வேளையிலிருந்து தொடங்கி ஏச ஆரம்பித்தாள். சங்கிலி நகர்ந்தது. லிஞ்ச்பர்க் சாலையில் கண்ணுக்கு மறையும்வரை அவள் குரல் கேட்டது.

புதன்கிழமை ஹேவர்ஷாமின் கடிதம் வந்தது. வின்ஸ்லேட் அதைச் சாப்பாட்டு மேஜையில் படித்தார், இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. பிறகு ஜூபாலைக் கூப்பிட்டனுப்பினார்.

"இங்க வா. உன் பொண்டாட்டிக்காக என்னமா பரிஞ்சு எழுதியிருக்கார் தெரியுமா? கேளு." முழுசையும் அவனுக்குப் படித்துக் காட்டினார். அது ஓர் உபகாரம் என்றே அந்த மனுஷன் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

"அப்போ அவளைத் திருப்பி வாங்கிடுவீங்களா, ஐயா?"

"வித்தது வித்ததுதானேப்பா. ஆனா அவரோட எதிர்ப்பை முறைப்படி பதிவு பண்ணிட்டேன். வசந்தக் கூட்டத்துல படிக்கப்படும்." மடித்து வைத்திருந்த ஒரு கடிதத்தை நீட்டினார். "இது அவருக்கு என் பதில். சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோய்க் குடு. இந்தா, அவர் பண்ணைக்குப் போய்வர வழிச்சீட்டு."

ஜூபால் வாங்கிக்கொண்டான். நல்ல குதிரையாகப் பார்த்துச் சேணம் கட்டினான். சாலை பிரியும் இடத்தில் ஹேவர்ஷாம் பண்ணைக்குப் போகும் பாதை இடப்பக்கம் கிடந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரையை லிஞ்ச்பர்க் சாலையில் விட்டான். கையில் இருக்கிற சீட்டு இந்தச் சாலைக்குச் செல்லாது, ரோந்துக்காரர்கள் பிடித்தால் நாயை விடுவார்கள். எல்லாம் தெரியும். தெரிந்துதான் விரட்டினான்.

பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கரையில் துணி அடித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெண்ணைக் கண்டு குதிரையை இழுத்துப் பிடித்தான்.

"அக்கா, சங்கிலி போட்ட கூட்டம் ஒண்ணு இந்தப் பக்கம் போச்சா?"

அவள் முதலில் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் போச்சு, தம்பி. மத்ததெல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டு நடந்துச்சுங்க. ஒருத்தி மட்டும் அந்த வியாபாரியக் கண்டபடி ஏசிக்கிட்டே போனா. அவனும் அடிச்சுப் பாத்தான். வாய மூடவே இல்ல."

"அவதான்," என்று சொல்லிவிட்டு ஜூபால் குதிரையைத் தட்டினான்.