தட்டுப் பாவாடை

ஆடி இரண்டாம் வெள்ளி, காலை பத்தரைக்குக் கரண்ட் வந்தது.

பிரீத்திகா கணினியைத் திறந்து ஒரு புரூப் எடுத்தாள். தாள் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. மாமனாரின் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

தனுஷ்கோடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிவகாசியில் அவருக்கு ஓர் ஆப்செட் அச்சகம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. கம்பெனிக்கு வேண்டிய லேபிளெல்லாம் இங்கேதான் அச்சாகும். தரைச்சக்கரப் பெட்டிக்கு எத்தனையோ வருடமாக ஒரே மயில்.

பிரீத்திகா விருதுநகரில் பருப்பு வியாபாரி மகள். கோயம்புத்தூரில் டிசைன் படித்தவள். கல்யாணமாகி வந்த ஒரு வருடத்தில் அந்த மயிலின் தோகையில் நீலத்தைக் கூட்டினாள், குறைத்தாள். வேறு வேலை கிடைக்கவில்லை. இந்த சீசனுக்குச் சக்கரத்தில் மட்டும் அவள் வரைந்த படத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று மாமனார் சொல்லியிருந்தார்.

உச்சிக்கால பூசைக்கு முதல் தாள் அம்மன் காலடிக்குப் போகவேண்டும். எந்தத் தாள் போகிறதோ அதுதான் அந்த சீசனின் லேபிள். அம்மனுக்குக் காட்டியதை மாற்றும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

"யாரும்மா இது?"

"பாலே ஆடுற பொண்ணு மாமா. ஒத்தைக் கால்ல நின்னு சுத்துவாக. நம்ம சக்கரம் மாதிரி."

"பாவாடை காத்துல தூக்கிருச்சே."

"தூக்கலை மாமா. அது நிக்கிறதே அப்படித்தான். டுட்டுன்னு பேரு. வலைத்துணியை அடுக்கடுக்கா தைச்சு, உள்ள கம்பி வளையம் குடுப்பாக. தட்டு மாதிரி நிக்கும்."

மிஷினில் நின்ற சங்கிலிமுத்து எட்டிப் பார்த்தார்.

"நாலு இட்லி வைக்கலாம் மொதலாளி. கீழ விழாது."

"நீ மிஷினைப் பாருலே."

தனுஷ்கோடி கட்டைவிரலால் படத்தின் கால்களை மறைத்தார். எடுத்தார். மறுபடி மறைத்தார்.

"காரியாபட்டிக் கடைக்காரரு பொண்டாட்டி பிள்ளையோட கல்லாவுல உக்காந்திருப்பாரு. இத எங்கன அடுக்குவாரு? இறக்கிரு தாயி."

"எம்புட்டு மாமா?"

"கெண்டைக்கால் வரைக்கும்."

அவள் இறக்கினாள். இரண்டாவது தாளில் பாவாடை மணி மாதிரித் தொங்கியது. பெண் நின்றாள். சுற்றவில்லை.

"இப்பத்தான் லட்சணம்" என்றார் தனுஷ்கோடி.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மயிலுக்கு இது தேவலை.

"இதுவும் தப்பில்ல மாமா. மொதல்ல டுட்டு இப்படித்தான் இருந்துச்சு. ஆயிரத்து எண்ணூத்தி முப்பதுகள்ல, பாரிஸ்ல. கெண்டைக்கால் வரைக்கும் வெள்ளை மஸ்லின். ஊதினாப் பறக்கும்."

"பெறகு ஏன் குட்டையாக்கினாக?"

அவர் கேட்டது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஆட்டம் கஷ்டமாயிருச்சு மாமா. ஒரு சுத்து சுத்துன எடத்துல முப்பது சுத்து. கால் என்ன செய்யுதுன்னு பாக்க சனங்களுக்கு ஆசை. கொஞ்சங் கொஞ்சமா ஏறி, முழங்காலுக்கு மேல போயி, கடைசியில தட்டையாயிருச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீளப் பாவாடையில வேற தொல்லையும் உண்டு. அப்ப மேடையில கேஸ் விளக்கு. ஓரம் பட்டாப் போதும், தீப்பிடிச்சு..."

சங்கிலிமுத்து மிஷினை நிறுத்தினார்.

அந்த அச்சகத்தில் அந்தச் சொல் கிடையாது. கம்பெனியிலும் கிடையாது. வீட்டில் விளக்கைக்கூட 'குளிர வை' என்பார்கள். சொல்லியே ஆகவேண்டுமென்றால் 'சூடு' என்பார்கள். பருப்புக் கடையில் வளர்ந்தவளுக்கு எல்லாம் பழகியிருந்தது, இது தவிர.

தனுஷ்கோடி தாளைக் கவிழ்த்து வைத்தார். கோபப்படவில்லை.

"சங்கிலி, மயில் பிளேட்டை ஏத்து."

"மாமா, நான் சொன்னது நூத்தம்பது வருசத்துக்கு முந்தி..."

"எப்ப நடந்தாலும் என்னம்மா. காதுல விழுந்துருச்சுல்ல."

சங்கிலிமுத்து பிளேட்டைத் தேடப் போனார். மெதுவாகவே போனார்.

வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது. தனுஷ்கோடியின் மனைவி பத்திரகாளி இறங்கினார். கம்பெனியில் பெட்டி போடும் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு.

"என்னங்க, பெட்டி மடிச்சு அம்பாரமாக் கெடக்கு. லேபிள் எங்க? என்ன ஆளாளுக்கு வாத்தியார்ட்ட அடி வாங்கின மாதிரி நிக்கிறீக?"

"சின்னம்மா ஒரு வார்த்தை விட்டுட்டாக" என்றார் சங்கிலிமுத்து.

"என்ன வார்த்தை?"

"அத நான் எப்படிம்மா சொல்ல?"

பத்திரகாளி கவிழ்ந்த தாளை நிமிர்த்தினார். பக்கத்தில் கிடந்த முதல் தாளையும் எடுத்தார். மருமகளைப் பார்த்தார். பிரீத்திகா மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கவனமாகச் சொன்னாள்.

"நீளப் பாவாடையில சூடு பட்டுரும் அத்தை. மேடையிலயே."

"அவளுக சும்மாவா இருந்தாளுக?"

"துணியை மருந்துத் தண்ணியில முக்கிக் குடுத்தாக. அதுல சூடு ஏறாது. ஆனா துணி மொடமொடன்னு ஆயி, வெள்ளை மங்கிப் போச்சு. நிறையப் பேரு உடுத்த மாட்டேன்னுட்டாக."

பத்திரகாளி சிரித்தார்.

"நம்ம மாரிசெல்விக்கு அக்காமாருக போல. மருந்து அடைக்கிற அறைக்குள்ள நூல் சேலைதான் ஆகும்னு எத்தனை தடவை சொல்லியாச்சு. இன்னைக்கும் நைலான்ல ஜிகினா வச்சு வந்து கேட்ல நிக்கிறா. திருப்பி அனுப்பினா, 'நூல் சேலையில நான் கெழவியாட்டம் இருக்கேன் மொதலாளியம்மா'ங்கிறா. பெறகு?"

"பெறகு கரண்ட் விளக்கு வந்துருச்சு அத்தை. பாவாடையும் குட்டையாயிருச்சு."

"குட்டையானதுக்குப் பெறகு ஏதும் உண்டா?"

"நான் படிச்ச வரைக்கும் இல்ல."

பத்திரகாளி இரண்டு தாளையும் கணவர் முன்னால் பக்கம் பக்கமாக வைத்தார்.

"இந்தப் பாவாடையை இறக்கச் சொன்னது யாரு?"

தனுஷ்கோடி மின்விசிறியைப் பார்த்தார்.

"சூடு பட்ட பாவாடைய நீங்களா கேட்டு வாங்கி அம்மன்கிட்டக் கொண்டுபோகப் பாத்தீகளா? பிள்ளை பத்திரமானதத்தான மொதல்ல கொண்டாந்திருக்கா?"

"அதுல முழங்கால் தெரியுதே."

"முழங்காலைப் பாத்துச் சக்கரம் வெடிக்கவா போகுது?"

சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். சங்கிலிமுத்து மை துடைக்கும் துணியால் முகத்தை மறைத்தார். தோள் குலுங்கியது.

"சரி. ரெண்டும் வேண்டாம்" என்றார் தனுஷ்கோடி. "ஒரு சேலையைக் கட்டி விட்டுரு."

"சேலையைக் கட்டினா எப்படி மொதலாளி சுத்தும்? மூணாவது சுத்துல தடுக்கி விழும்."

"அப்ப மயிலு."

"மயிலு மட்டும் சுத்துதாக்கும்" என்றார் பத்திரகாளி.

பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பிரீத்திகா மேசையோரம் நின்று தாளைக் குனிந்து பார்த்தாள். முதல் படம். தட்டு மாதிரிப் பாவாடை. பக்கத்திலிருந்து வரைந்ததால் அது ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பெண், கீழே கால்.

பேனாவை எடுத்தாள். தாளின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டாள். உள்ளே ஒரு சிறு வட்டம்.

"மாமா, மேலேருந்து பாத்தா கால் தெரியாது."

தனுஷ்கோடி மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார்.

"இது தலை. கொண்டை. இது ரெண்டு கை. மிச்சமெல்லாம் பாவாடைதான். அடுக்கடுக்கா, வட்டமா."

"சக்கரமேதான்" என்றார் சங்கிலிமுத்து.

அவள் கணினிக்குப் போனாள். யாரும் உட்காரவில்லை. பத்திரகாளி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "மஞ்சளைக் கூட்டு. ஓரத்துல செவப்பு" என்றார். ஓரத்து மடிப்புகள் பொறிகளாயின. கொண்டையில் ஒரு பூ வைக்கச் சொன்னார். பிரீத்திகா வைத்தாள். தாள் வந்தது.

தனுஷ்கோடி வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் எழுந்தது. மறைக்க ஒன்றுமில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

"கால் இருக்குல்ல?"

"கீழ இருக்கு மாமா."

"முழுசா உடுத்திருக்காளா?"

"முழுசா உடுத்திருக்கா."

"குட்டைதான? பழைய நீளம் இல்லையே?"

"குட்டைதான் மாமா."

அவர் தாளை மேசையில் வைத்து ஒரு மூலையைப் பிடித்துச் சுழற்றினார். அரைச் சுற்று சுற்றி நின்றது. பெண் நேராகவும் இல்லை, தலைகீழாகவும் இல்லை. எப்படித் திருப்பினாலும் சரியாக இருந்தாள். மயிலை அப்படித் திருப்ப முடியாது.

"ஏலே சங்கிலி, அந்த மயிலைக் கீழ வை."

"நான் ஏத்தவே இல்லையே மொதலாளி."

பிளேட் எடுத்தார்கள். மிஷின் ஓடியது. முதல் தாளைச் சங்கிலிமுத்து இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பத்திரகாளி மூலையில் மஞ்சள் தடவினார். பிரீத்திகா ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் சிவப்பு ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிறகு முந்தானையைப் பார்த்துச் சிரித்தாள்.

தனுஷ்கோடி தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு செருப்பைப் போட்டார். வாசல்வரை போனார். நின்றார். திரும்பினார்.

"ஏம்மா, 'இது யாரு அண்ணாச்சி'ன்னு பூசாரி கேட்டா, நான் என்னன்னு சொல்ல?"