கார் வராத பாதை

ஒரே ஒரு கார் வந்தாலும் அங்கேயே இறங்கிவிடுவேன், அதற்குப் பிறகு சைக்கிள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எல்ஸ்பெத் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஸ்வென்யா சரி என்றாள். சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். நிறுத்தி வைத்திருக்கும் காரும் இதில் சேருமா? நெக்கர் ஆற்றுக்கு அக்கரையில் போகிற கார் மலைமேலிருந்து தெரிந்தால்? அன்று மாலையே சமையலறைக்குப் போய்க் கேட்டாள். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"ஏண்டி, நீ என்ன வக்கீலா? நாம போற பாதையில ஓடுற கார். அவ்வளவுதான்."

"டிராக்டர்?"

"டிராக்டர் கார் இல்ல. அது பொழப்பு."

எல்ஸ்பெத் ஊரிலேயே நன்றாக சைக்கிள் ஓட்டுகிறவள் என்று பெயர் எடுத்தவள். குனிந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் உள்ள பந்தய சைக்கிளில் ஞாயிறுதோறும் மலையேறி இறங்குவாள். ஒரு வசந்த காலத்தில் பெரிய சாலையில் பின்னால் வந்த காரின் கண்ணாடி அவள் தோளில் இடித்தது. கார் நிற்காமல் போய்விட்டது. முறிந்த தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டால் உடம்பு கல்லாகிவிடும். அன்றிலிருந்து சைக்கிள் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்ஸ்பெத் ஜன்னல்களைத் துடைத்தாள். துடைத்த ஜன்னல்களையே மறுபடி துடைத்தாள். ஸ்வென்யாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால்தான் அந்தப் பாதையைத் தேடினாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, தோட்டக்காரர்கள் டிராக்டர் ஓட்டுவதற்காகப் போட்ட சிமென்ட் பாதைகள் மலை முழுக்க ஓடுகின்றன. எல்லா முனையிலும் சிவப்பு வட்டப் பலகை உண்டு, விவசாய வண்டி தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. அவற்றை ஒன்றோடொன்று கோத்து, வீட்டுக்குப் பின்புறத்தில் ஏறி, இரண்டு மலைகளைச் சுற்றி, திராட்சைத் தோட்டக்காரர் ஓய்கனின் பண்ணை வீட்டு வாசல் வழியாக முன்புறத்தில் இறங்கும் ஒரு சுற்று கண்டுபிடித்தாள். மாலை வேளைகளில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கல் சுவரில் உட்கார்ந்து காவல் காத்தாள். ஒரு கார்கூட வரவில்லை. இருந்தும் தான் சரியான நாளில் காவல் காத்தோமா என்ற சந்தேகம் போகவில்லை.

சனிக்கிழமை வேறொரு கவலை வந்தது. அறுவடை தொடங்கிவிட்டதால் ஓய்கன் வீட்டுக்குக் கீழே உள்ள செங்குத்தான வளைவில் டிராக்டர் சக்கரங்கள் உதிர்த்த மண்ணும், நசுங்கிய திராட்சைத் தோலும் கிடந்தன. மெல்லிய டயர் அதில் ஏறினால் வழுக்கும். வீட்டிலிருந்த பிர்ச் மரக் குச்சித் துடைப்பத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அந்த வளைவைச் சுத்தமாகப் பெருக்கினாள். இறங்கும்போது துடைப்பத்தின் நீளக் கம்பு சக்கரத்தில் மாட்டிக்கொண்டே வந்தது. எப்படியும் நாளைக்கு இந்த வழியாகத்தானே இறங்குவோம், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று, கீழே பாதை தொடங்கும் இடத்தில் ஓய்கனின் பெயர்ப்பலகைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தாள். அம்மாவின் துடைப்பம் என்பதால் கவனமாகவே வைத்தாள்.

ஞாயிறு காலை பனி விலகி வெயில் வந்தது. எல்ஸ்பெத் முதலில் பயந்து பயந்து ஓட்டினாள். முதல் மலையின் பாதி ஏற்றத்தில் அவள் கியர் மாற்றும் விதம் பழையபடி ஆனது. உச்சியில் நின்று தண்ணீர் குடித்தபோது, கீழே சிவந்துகொண்டிருந்த திராட்சை இலைகளைப் பார்த்து, இந்த வருஷம் எல்லாருக்கும் நல்ல காய்ப்பு என்று மட்டும் சொன்னாள். ஸ்வென்யா தலையை மட்டும் ஆட்டினாள். எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவோமோ என்று பயம்.

இரண்டாவது மலையில், ஓய்கன் வீட்டுக்குப் போகும் பாதை கீழிருந்து வந்து சேரும் இடத்தைத் தாண்டியதும், பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. டிராக்டராகத்தான் இருக்க வேண்டும் என்று ஸ்வென்யா நினைத்தாள். டிராக்டராக இல்லை. பளபளவென்று கழுவிய நீலக் கார்.

எல்ஸ்பெத் இறங்கிவிட்டாள். சைக்கிளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கல் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது, கண்ணாடி இறங்கியது. தொப்பி போட்ட ஒரு ஆள் சிரித்தார்.

"மேல இன்னும் எடம் இருக்குமா?"

எதற்கு இடம் என்று ஸ்வென்யாவுக்குப் புரியவில்லை. இது கார் போகிற பாதை இல்லை, கீழே பலகை இருக்கிறதே என்றாள். அந்த ஆள் அதைக் கேட்டு இன்னும் சிரித்தார், ஏதோ நல்ல நகைச்சுவை சொல்லிவிட்டதுபோல. கையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு கார் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே நிறைந்த வேன். வேனிலிருந்த பெண், சைக்கிள்ல வந்தது புத்திசாலித்தனம், குடிச்சிட்டுப் போகலாம் என்று பாராட்டினாள்.

எல்ஸ்பெத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"எண்ணிட்டு வர்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்வென்யாவுக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் முழுவதும் காவல் காத்தோமே, அன்று வராத கார் இன்று எப்படி வந்தது? பலகையை யாராவது பிடுங்கிவிட்டார்களா? பெரிய சாலையில் மரம் விழுந்து எல்லாரையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்களா? அப்படியானால் ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்?

ஓய்கன் வீட்டு முற்றத்தில் போய்ச் சேர்ந்தபோது குழப்பம் கூடத்தான் செய்தது. கார்கள் கண்டபடி நின்றன. ஜனங்கள் குழுக்குழுவாக நின்று மேசை எங்கே போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்கன் காலுறையோடு வாசல்படியில் நின்றார். கழுத்தில் சாப்பாட்டுத் துண்டு அப்படியே இருந்தது. அவர் மனைவி ஹெட்விக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் தன் மனைவிதான் தனக்குத் தெரியாமல் யாரையோ அழைத்துவிட்டாள் என்று நினைத்தார். அவளோ அவருக்கு இன்று பிறந்தநாளா, தான் மறந்துவிட்டோமா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்ஸ்பெத், நீயுமா?" என்றார் ஓய்கன். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். "என்ன நடக்குது இங்க? நீயாவது சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? நான் கார் இல்லாத பாதையில வந்தவ."

தொப்பிக்காரர் குறுக்கே வந்தார். "கீழ தொடப்பம் வெச்சிருக்கீங்களே."

அந்த மலைகளில் வீட்டு வாசலிலோ பாதை முனையிலோ துடைப்பம் உயர்த்திக் கட்டினால், இன்று இங்கே எங்கள் சொந்த ஒயின் ஊற்றுகிறோம், உள்ளே வாருங்கள் என்று அர்த்தம். துடைப்பம் இருந்துவிட்டால் சிவப்பு வட்டப் பலகையை யாரும் மதிப்பதில்லை, போலீஸ்காரரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். இது ஸ்வென்யாவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் நேற்று மாலை அவள் கையில் இருந்தது பெருக்குகிற துடைப்பம். அந்தத் துடைப்பமும் இந்தத் துடைப்பமும் ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

"என் தொடப்பம் தொழுவத்துல இருக்கு. நான் ஒயின் கடை நடத்துனதே இல்ல," என்றார் ஓய்கன்.

"அது எங்க தொடப்பம்," என்றாள் ஸ்வென்யா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொன்னாள். வளைவில் மண் கிடந்தது, அம்மா வழுக்கி விழக் கூடாது என்று பெருக்கினேன், அப்புறம் கம்பத்தில் கட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். எல்ஸ்பெத் அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"குச்சி மேல இருக்கிற மாதிரியா கட்டின?"

"ஆமா. கீழ இருந்தா குச்சி வளைஞ்சி போயிடும்னு நீதானே எப்பவும் திட்டுவ."

முதலில் சிரித்தது ஹெட்விக்தான். பிறகு தொப்பிக்காரர், பிறகு வேனில் வந்த குடும்பம். எல்ஸ்பெத் சிரிக்கவில்லை. முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து, சைக்கிள் ஷூவின் பட்டையைத் தளர்த்தினாள். அவள் கோபமாக இருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று ஸ்வென்யாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப ஓய்கனுக்கு மனம் வரவில்லை. நிலவறையிலிருந்து ஜாடியில் ஒயின் வந்தது. ஹெட்விக் ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்திருந்த வெங்காயக் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள். திராட்சைக் கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். கீழே போய்த் துடைப்பத்தை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று ஸ்வென்யா எழுந்தபோது, ஹெட்விக் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். இருக்கட்டும், இவ்வளவு வருஷம் யார் முகமும் பார்க்காமல் இந்த மலை உச்சியில் கிடந்தாயிற்று என்றாள். இதையே அடுத்த ஞாயிறும் கட்டினால் என்ன என்று கணவரிடம் கேட்டாள். ஓய்கன் எத்தனை பெஞ்சு போடலாம் என்று முற்றத்தை அளக்கிற மாதிரி பார்த்தார்.

தன் பாதை தன் கண் முன்னாலேயே இல்லாமல் போகிறது என்பது ஸ்வென்யாவுக்குப் புரிந்தது. அதுவும் தன் கையாலேயே. கையிலிருந்த கேக் துண்டைக் கீழே வைத்தாள்.

தொப்பிக்காரர் நல்ல மனிதர். நடந்ததற்குத் தானும் ஒரு காரணம் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு சைக்கிளையும் கார் கூரையில் கட்டி உங்களை வீட்டில் விடுகிறேன் என்றார். அப்போது அவர் கையில் இருந்தது இரண்டாவது கோப்பை. எல்ஸ்பெத் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். நிற்கிற கார்களைப் பார்த்தாள். ஒவ்வொரு காருக்கும் சொந்தக்காரர் யார், யார் கையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று முற்றம் முழுக்கப் பார்த்தாள். ஷூவின் பட்டையை இறுக்கினாள்.

"எந்திரி. இவங்கெல்லாம் கீழ எறங்குறதுக்கு முன்னாடி நாம எறங்கிடணும்."

"நடந்தா?"

"நடந்தா இவங்க வந்துடுவாங்கடி."

எல்ஸ்பெத் முன்னால் போனாள். பெருக்கிய வளைவில் கைப்பிடியைத் தாழ்த்தி, முழங்காலை உள்பக்கம் சாய்த்து, ஸ்வென்யா சிறுமியாக இருந்தபோது பார்த்த அதே லாவகத்தோடு திரும்பினாள். அடுத்த திருப்பத்தில் எதிரே ஒரு கார் ஏறி வந்தது. ஸ்வென்யா பிரேக்கை இறுக்கிப் பிடித்து, அம்மா இறங்கப்போகிறாள், விழப்போகிறாள் என்று காத்திருந்தாள். எல்ஸ்பெத் ஒரு கையை உயர்த்தி, நில் என்பதுபோல உள்ளங்கையைக் காட்டினாள். கார் ஓரம் கட்டி நின்றது. ஓட்டியவர் ஏதோ கேட்டார். எடம் இல்ல, எல்லாம் நெறஞ்சிடுச்சி என்று கத்திவிட்டு அவள் வேகம் குறையாமல் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்ஸ்பெத் கைகளைக் கழுவி, நேராக அடுப்படிக்குப் போனாள். ஸ்வென்யா வாசலிலேயே நின்றாள். மன்னிப்பு கேட்பதா, இனி சைக்கிள் பேச்சை எடுக்க மாட்டேன் என்று கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுவதா என்று தெரியவில்லை.

"அம்மா, நாலு கார் வந்துடுச்சி."

"அதெல்லாம் கணக்குல சேராது."

எது சேராது? கார்களா, இந்தச் சவாரியா? கார்கள் சேராது என்றால் அடுத்த ஞாயிறு போகலாம். சவாரி சேராது என்றால் எல்லாம் முடிந்துவிட்டது. கேட்டால் மறுபடியும் வக்கீலா என்பாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை. அம்மாவின் முதுகைப் பார்த்தாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு கூடை மேசைக்கு வந்தது, கத்தியும் வந்தது.

கிழங்கைக் கையில் எடுத்த பிறகு எல்ஸ்பெத் திரும்பாமலே சொன்னாள்: "என் சைக்கிள் சீட் ரொம்ப ஒசரமா இருக்கு. ஒரு விரக்கடை எறக்கு."

ஸ்வென்யா ஸ்பேனரைத் தேடிக் கொட்டகைக்கு ஓடினாள். பாதி வழியில் நின்று, ஒரு விரக்கடை என்றால் யாருடைய விரல் என்று கேட்கத் திரும்பினாள். பிறகு, வேண்டாம் என்று போய்விட்டாள்.