நண்டைத் தூங்க வைப்பது

ஷோபா மூடியைத் தூக்கியதும் இட்லி குண்டானுக்குள்ளிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. "ஐயோ!" என்று மூடியைப் போட்டு அழுத்தினாள். உள்ளே தடதடவென்று சத்தம். அது அடங்கியதும் மெல்லத் திறந்தாள். நண்டு ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கமாகக் கிடந்தன.

"இன்னாமா, குண்டான்ல ஷிப்டு முடிஞ்சிதா?" என்று வாசலிலிருந்து ஹரோல்ட் குரல் கொடுத்தார்.

வாசல் பெஞ்சில் ஹரோல்ட், சுந்தரராஜ் என்று சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் அப்பாவோடு வேலை செய்த நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு நாளைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே நாலு பேரைத்தான் அப்பா ஏரியில் பிடிக்கும் சம்பங்கி நண்டு தின்னக் கூப்பிட்டிருந்தார். அன்று விடிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வர வேண்டியவர்கள் காலையிலேயே ஓடி வந்து, சாயங்காலம் பாடையைத் தூக்கினார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ஈரச்சாக்குக்கு அடியில் உயிரோடு கிடந்த நண்டுகளைச் சுந்தரராஜ் கொண்டுபோய் ஏரியில் விட்டார்.

நேற்று காரியம் முடிந்தது. இன்று கறி சமைத்துத் துக்கத்தை முடித்துக்கொள்ளும் நாள். எல்லாரும் ஆட்டுக்கறி எடுப்பார்கள். சுந்தரராஜோ ஒரு பக்கெட் நண்டோடு வந்து நின்றார். "அண்ணன் கூப்ட்டது கூப்ட்டதுதாம்மா. சாப்டாம போவமாட்டோம்."

ஷோபாவின் கவலை அம்மாதான். பதினாறு நாளாகப் பார்வதம்மா வாயிலிருந்து 'ம்', 'வேணாம்' தவிர வேறு வார்த்தை வரவில்லை. உள்ளேயும் இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் போகவில்லை. கூட வா என்றால் அதற்கும் 'வேணாம்'. ஷோபாவுக்கு லீவு முடிந்துவிட்டது, நாளைக் காலை ரயிலில் பெங்களூர் போயாக வேண்டும். இப்படி இருக்கிறவளைத் தனியாக விட்டுப் போக அவளுக்குப் பயமாக இருந்தது.

அதோடு, நண்டு வேகவைப்பது அப்பாவின் வேலை. தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத மனுஷன், நண்டு என்றால் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியைப் பிடித்துக்கொள்வார். வெடி வைத்த இடம் மாதிரி எல்லாரையும் தூர நிற்க வைப்பார். மகளுக்கு எங்கிருந்து தெரியும்?

பக்கெட்டிலிருந்து அடுத்த நண்டை எடுக்கப் போனாள்.

"இன்னாடீ பண்ற?"

அம்மா கதவோரம் நின்றிருந்தாள்.

"உசுரோட ஆவில போட்டா கால உதுத்துடும். மொதல்ல தூங்க வெக்கணும். ஐஸ் தண்ணில அர மணி நேரம் போடு. அப்பறம் மல்லாக்க வெச்சி ஏத்து, இல்லன்னா சாறெல்லாம் எறங்கிடும்."

ஷோபா வாயைப் பிளந்தாள். "ஒனக்கு எப்டிமா தெரியும்? அப்பாதான பண்ணுவாரு?"

"அவருக்கு யாரு சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்ச? நாலு பேரு முன்னாடி பந்தா பண்றது அவரு. நா செவுத்துக்கு இந்தாண்ட நின்னு சொல்லிக்கினே இருப்பேன். நாப்பது வருசமா."

ஷோபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிட்ஜில் இருந்த ஐஸையெல்லாம் அகலமான டப்பில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அம்மா நண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். கொஞ்ச நேரம் பிறாண்டின. பிறகு ஒன்றொன்றாக அசைவை நிறுத்தின. அம்மா பக்கத்திலேயே குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரும் இப்டித்தான்டீ. பக்கத்துல படுத்துக்கினு இருக்கேன், எனக்கே தெரியல." அப்போதுதான் அழுதாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. ஷோபாவும் கூடவே அழுதாள், மனசு லேசானது.

அரை மணி கழித்து மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு அம்மாவே அடுப்பில் ஏற்றினாள். இந்தத் தடவை ஒரு கால்கூட உதிரவில்லை.

தட்டு வைத்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். இருப்பதிலேயே பெரிய கொடுக்கை உடைத்து அம்மா தட்டில் வைப்பது அப்பாவின் வழக்கம். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைத் தொடவில்லை.

"நா ஒடச்சித் தரட்டா அண்ணி?" என்றார் ஹரோல்ட்.

"எனக்குக் கை இல்லியா?"

அம்மா கொடுக்கை எடுத்துப்போய்க் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினாள். டக்கென்றது. சதை முழுசாக வந்தது. நின்றபடியே வாயில் போட்டு மென்றாள்.

"உப்பு பத்தலடீ" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்து, அடுத்த நண்டுக்குக் கை நீட்டினாள்.