என் முதுகுக்காக மாற்றிய ஸ்பிரிங்

என் முதுகு வலி பொய் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது நூற்றுக்கு நூறு உண்மை. என் கணவர் ரஸ்ஸின் நோவா காரில் ஏறி, சர்க்கரை ஆலைக்கு முன்னால் இருக்கிற ரயில் தண்டவாளத்தை ஒரே ஒரு தடவை தாண்டிப் பாருங்கள். உங்களுக்கும் வரும்.

அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி அது. மஸல் கார் என்று பெயர். அந்த மஸலெல்லாம் எஞ்சினில்தான் இருக்கிறது, உட்காருகிற இடத்தில் வெறும் எலும்பு. எங்கள் மிச்சிகன் பக்கத்துச் சாலைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாதியைப் பனி உடைக்கும், மீதியைச் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிப்போகிற லாரிகள் உடைக்கும். கல்யாணமான புதிதில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடப் போனேன். ஒரு நாள் அந்தத் தண்டவாளத்தில் என் தலை கூரையில் இடித்து, இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. டாக்டரே சொல்லிவிட்டார், அந்த வண்டியில் இனி ஏறாதே என்று. எனக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடிக்கும்.

அதிலிருந்து கோடைச் சனிக்கிழமைகளில் ரஸ் கார் கிளப்போடு ஊர்வலம் போவார், நான் வீட்டில் இருப்பேன். கிளப் ஆட்களின் மனைவிமார்களுக்கும் ஒவ்வொருத்தியாக முதுகு போயிற்று. முதலில் பெவ், பிறகு ஜோயன், பிறகு மார்ஜ். வலிக்கிற முதுகுகள் நான்கும் என் வீட்டுச் சமையலறையில் சேர்ந்து யூக்கர் ஆடும். சீட்டுக்கட்டில் ஜாக்கியை ராஜாவாக்குகிற ஆட்டம் அது. நான்கு பேர் வேண்டும், ஒருத்தி குறைந்தாலும் ஆட்டம் இல்லை. பெவ் எலுமிச்சை பார் என்கிற புளிப்புக் கேக் துண்டுகளைச் சுட்டுக்கொண்டு வருவாள். கார்புரேட்டர் என்ற சொல் மாலை வரைக்கும் யார் வாயிலும் வராது. அப்படி ஒரு நிம்மதியை நான் சர்ச்சில்கூட அனுபவித்ததில்லை.

ரஸ்ஸுக்குக் கிளப்பில் பெரிய பதவி. 'ஒரிஜினல்' பிரிவுக்குத் தலைமை நடுவர். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வண்டி இருக்க வேண்டும், ஒரு திருகாணி மாறினாலும் வெளியே போ என்பது அந்தப் பிரிவின் சட்டம். சில வருடங்களுக்கு முன் பெவ்வின் கணவர் வெர்ன், ரேடியேட்டர் குழாயில் வேறு வருடத்துக் கிளிப் போட்டிருந்தார். ரஸ் அதைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் அவருடைய பரிசு ரிப்பனைப் பிடுங்கிவிட்டார். சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள். அந்தக் கிளிப்புக்குப் பிறகு வெர்ன் எங்கள் வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை. பெவ்வை வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார்.

போன குளிர்காலம் முழுக்க ரஸ் கராஜிலேயே கிடந்தார். பார்சல் பார்சலாக வந்தது. ஆணுக்கு ஒரு வேலை இருந்தால் நமக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

வசந்தத்தில் ஒரு காலை, கையைத் துடைத்துக்கொண்டே வந்து கூப்பிட்டார்.

"ஆர்லீன், கண்ணு, கொஞ்சம் வாயேன். காபியையும் எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"வண்டியில உக்காரு."

"விளையாடறியா? என் முதுகு என்ன ஆகும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை. வலிச்சா அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டேன்."

ஏறினேன். ஆலை வழியாகத்தான் ஓட்டினார். தண்டவாளம் தெரிந்ததும் நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி லேசாக எழும்பி லேசாக இறங்கியது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் கோப்பையில் காபி ததும்பக்கூட இல்லை. எங்கேயாவது வலிக்கிறதா என்று இடுப்பு முழுக்கத் தேடினேன். பாழாய்ப்போன முதுகு, வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிட்டது.

"பின்னாடி ஸ்பிரிங் பட்டை பூரா புதுசு, மெத்துனு இருக்கும். ஷாக் அப்சார்பரும் மாத்திட்டேன். முன்னாடி சுருள், ரப்பர் எல்லாமே மாத்தியாச்சு," என்றார். குரல் தழைந்து போயிருந்தது. "மேல மங்கலாக் கறுப்புப் பெயின்ட் அடிச்சு, அதுக்கு மேல சேறும் பூசியிருக்கேன். பாத்தா பழசு மாதிரியே இருக்கும்."

"நீயா? கிளிப்புக்கு வெர்ன் மானத்தை வாங்கினவனா?"

"கத்தாதடி. வெளிய தெரிஞ்சா நான் செத்தேன்."

"அப்ப எதுக்கு இந்த வேலை?"

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ உக்கார்ற இடத்துல ஐஸ் பெட்டியை வச்சு பெல்ட் போட்டு ஓட்டிட்டு இருக்கேன், ஆர்லீன். எத்தனை வருஷமா ஒரு பெட்டிகூடப் பேசிட்டுப் போறது? ரிட்டயரும் ஆயாச்சு. நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

என்ன சொல்வீர்கள் இதற்கு? எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரு மனிதன் தன் மானத்தையே பணயம் வைத்து எனக்கு ஒரு பரிசு தருகிறான். அந்தப் பரிசு என் சனிக்கிழமைகளை மொத்தமாக முழுங்கப் போகிறது. சரி என்று தலையாட்டினேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன செய்வது?

ஜூலையில் கவுண்டி மைதானத்தில் கிளப்பின் கண்காட்சி. அதிலிருந்துதான் நானும் கூடப் போவதாகப் பேச்சு. கிளம்பும்போதே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"இறங்கும்போது முனகணும். இடுப்பைப் பிடிச்சுக்கணும். நீ ஜம்முனு இறங்கினா அங்கயே மாட்டிப்பேன். உன் முதுகு கதை கிளப்புக்கே தெரியும்."

"நான் என்ன நாடகக்காரியா?"

"சும்மா கொஞ்சம், 'ஆ'ன்னு. போதும்."

தலைமை நடுவரின் வண்டியை அவரே மதிப்பிட முடியாது. அதற்குச் சீட்டுக் குலுக்கி வேறொரு ஆளைப் போடுவார்கள். இந்த வருடம் யார் பெயர் வந்தது என்று நினைக்கிறீர்கள்? வெர்ன்தான். நீளக் கம்பின் நுனியில் கண்ணாடி கட்டி, வண்டிக்கு அடியில் விட்டுப் பார்க்கிற அந்தச் சாமானைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களுக்காகவே காத்திருந்தார். பக்கத்தில் பெவ், ஜோயன், மார்ஜ். வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கண்காட்சிக்கு மட்டும் அவரவர் வேனில் வந்து சேர்வார்கள். என்னை நோவாவுக்குள் பார்த்ததும் மூன்று பேர் வாயும் திறந்தபடி நின்றுவிட்டன.

"அடேங்கப்பா! ஆர்லீனா இது? இந்த வண்டியிலயா?" என்றார் வெர்ன். "முதுகு என்ன ஆச்சும்மா? திடீர்னு சரியாயிடுச்சா? இல்ல, வண்டிக்குத்தான் ஏதாவது வைத்தியம் பாத்தாச்சா?"

சுற்றிலும் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ரஸ்ஸின் முகம் மாவுபோல வெளுத்துவிட்டது. எல்லாம் என் வாயில்தான் இருந்தது. 'தலையணையில உக்காந்த மாதிரி இருக்கு வெர்ன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய ஸ்பிரிங் திரும்ப வரும், என் சனிக்கிழமை வரும், எலுமிச்சை பார் வரும். சொல்லிவிடலாம் என்றே வாயைத் திறந்தேன்.

அப்போது பார்த்து ரஸ் பின் சீட்டிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வயதில், தலையில் அந்தக் கிளப் தொப்பியோடு. எனக்கு நெஞ்சை என்னவோ செய்துவிட்டது.

"ஐயோ! அம்மா!" என்று கத்தினேன்.

கொஞ்சம் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் ஆரம்பித்தால் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. ஒரு காலை வெளியே வைத்தேன், அலறினேன். மறு காலை வைத்தேன், கதவைப் பிடித்துத் தொங்கினேன். "இடுப்பு போச்சு! யாராவது பிடிங்களேன்!" தின்பண்டக் கடைக்காரன் கையிலிருந்த ஹாட் டாக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். யாரோ மடக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். ரஸ்ஸே பயந்துபோய், "நெசமாவே வலிக்குதாடி?" என்று காதில் கேட்டார். பெவ் மட்டும் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். சீட்டில் நான் ஏமாற்றும்போதும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

வெர்ன் கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அது ரொம்ப நேரம் நின்றது. வெர்ன் நிமிர்ந்து, ரஸ்ஸைப் பார்த்து, என்னைப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் ஒரிஜினல்தான்," என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சாப்பாடு முடிந்து கிளப் கூட்டம் கூடியதும் வெர்ன் எழுந்து நின்றார்.

"நாமெல்லாம் மனுஷங்களா? அந்தப் பொம்பளை பட்ட பாட்டைப் பாத்தீங்கல்ல? புருஷன் மேல இருக்கற பாசத்துல அந்த வண்டியில ஏறி வந்திருக்கா. நான் ஒரு தீர்மானம் கொண்டுவரேன். எஞ்சின், பெயின்ட், கிளிப்..." கிளிப் என்னும்போது ரஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார், "எல்லாம் ஒரிஜினலா இருக்கட்டும். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மட்டும் சட்டத்துலேர்ந்து எடுத்துடுவோம். வீட்டுப் பொம்பளைங்க முதுகுக்காக."

ரஸ் இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டாமா? தலைமை நடுவர் அல்லவா! எழுந்து எதிர்த்துப் பேசினார். மரபு என்றார், தொழிற்சாலை என்றார், இன்றைக்கு ஸ்பிரிங் என்றால் நாளைக்கு ஏசி கேட்பீர்கள் என்றார். பக்கத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். அவருடைய புளுகைத் தாங்க முடியாமல், "ம்ம்ம், ஐயோ," என்று ஒரு முனகல் போட்டேன். உடனே குரல் தழுதழுக்க, "சரி, ஆர்லீனுக்காக," என்று உட்கார்ந்துவிட்டார்.

கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே போயின. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஜோயனின் வீட்டுக்காரர் எழுந்து, சட்டம்தான் மாறிவிட்டதே என்று, தான் ஷாக்கை மாற்றி ரொம்ப நாளாயிற்று என்றார். மார்ஜின் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் வெர்ன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நான் மாத்தி ஆறு வருஷம் ஆச்சு. நீ பூசின அதே மங்கல் கறுப்புதான்டா ரஸ். சேறுகூட அதே மாதிரி. கண்ணாடியில பாத்ததும் என் வண்டியையே பாத்த மாதிரி இருந்துச்சு."

"அடப்பாவி! அப்ப அந்தக் கிளிப்பு?"

"கிளிப்பையே அப்படி முறைச்சுப் பாத்துட்டு இருந்தியே, கீழ குனிஞ்சியாடா நீ?"

இரண்டு கிழவர்களும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். அந்தக் கலக்கம் அடங்குவதற்குள் வெர்ன் பெவ் பக்கம் திரும்பினார்.

"பெவ்! நீ எங்க உளறிடுவியோன்னுதான் இத்தனை நாள் உன்கிட்டகூடச் சொல்லலை. இனிமே உனக்கு வலியே கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ என்கூட வரலாம்!"

ஜோயனின் வீட்டுக்காரர் ஜோயனைப் பார்த்தார். மார்ஜின் வீட்டுக்காரர் மார்ஜைப் பார்த்தார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஆலைத் தண்டவாளத்தை நான்கு வண்டிகளும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி தாண்டின. நான்கு வண்டிகளிலும் பக்கத்துச் சீட்டில் நாங்கள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். முன்பாவது அந்தக் கடகடச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. இப்போது வண்டி அவ்வளவு அமைதி. ஏரிக்கரை வரைக்கும் ரஸ் கார்புரேட்டரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஆனாலும் நடுவில் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, கியரிலிருந்து கையை எடுத்து என் கைமேல் வைத்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டி பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கராஜைச் சுத்தம் செய்கிறேன் என்று, கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் காயலான் கடைக்கு அனுப்பக் கிளம்பினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அதைத் தொடாதே. அது இங்கயே இருக்கட்டும்."

"எதுக்குடி? சட்டமே மாறிப்போச்சே?"

"தொழிற்சாலையிலேர்ந்து வந்ததாச்சே. தூக்கிப் போட மனசு வரலை."

மனிதருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல உனக்கு ஒரிஜினல் மேல இவ்ளோ பாசம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே, ஆர்லீன்," என்றார். அவரே ஒரு போர்வையைச் சுற்றி, ஃப்ரீசருக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் பெவ் போன் செய்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"பழசை வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"நல்லா எண்ணெய் தடவி வைடி. துரு பிடிச்சிடப் போகுது."